வரையத் தெரியாதவர்கள் வரைந்த வீடுகள்

ஓவியர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் முன்வைக்கும் அருங்காட்சியகக் கண்காட்சி எப்படி இருக்கும் என்று நமக்கு ஓரளவு தெரியும். இளமைக்காலப் புகைப்படம், மாணவப் பருவத்துக் கோட்டுச் சித்திரங்கள், சில கடிதங்கள், பாவித்த தூரிகைகள், பிறகு ஆண்டுவாரியாக ஓவியங்கள். ஐரோப்பாவில் நடுத்தரமான ஓர் ஓவியருக்கும்கூட அவர் பிறந்த ஊரில் இப்படியொரு மண்டபம் அமைந்துவிடுகிறது. அதற்கு அடிப்படைத் தேவை மேதைமை அல்ல. படங்கள் கெடாமல் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும். வீடு இருந்திருக்க வேண்டும். சுவர் இருந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து ஓவியர்களுக்கு இந்த மூன்றும் வாய்க்கவில்லை. 1938இல் எஸ். ஆர். கனகசபை 'வின்சர் ஓவியக் கழகம்' தொடங்கிய காலம் முதலாக அங்கு நவீன ஓவிய முயற்சிகள் நடந்து வந்திருக்கின்றன. அ. மாற்கு (1933–2000) என்ற ஆசிரியர் ஒரு முழுத் தலைமுறையையே தூரிகை பிடிக்க வைத்தார். அவரிடம் கற்றவர்களில் பெண்கள் கணிசமானவர்கள் என்பது அன்றைய யாழ்ப்பாணச் சூழலில் சிறிய விடயமல்ல. ஆனால், 1995இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது சுருட்டி எடுத்துச் செல்ல முடிந்த படம் எத்தனை? சுவரில் விட்டுச் செல்லப்பட்டவை எத்தனை? மாற்குவைப் பற்றிய சிறப்பு மலர் 'தேடலும் படைப்புலகமும்' 1987இல் வந்தது. ஒரு ஓவியனுக்கு அவன் உயிரோடிருக்கும்போதே அப்படியொரு மலர் வந்தது அபூர்வம். ஆனால் மலர் வேறு, படம் வேறு. அச்சில் நாம் பார்ப்பது படத்தின் முகவரியைத்தான்.

இந்தப் பின்னணியில்தான் மாற்குவின் மாணவர்களில் ஒருவரான தா. சனாதனனின் பணியை நான் பார்க்கிறேன். 1969இல் பிறந்தவர். டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். அடிப்படையில் அவர் ஓவியர்தான். எனினும் அவரது முக்கியமான முயற்சிகளில் அவர் தனது வாழ்வைக் காட்சிக்கு வைக்கவில்லை. மற்றவர்களின் வாழ்வைக் கேட்டு வாங்கி வைக்கிறார். தன் படங்களுக்குச் சுவர் தேடும் ஓவியர்களின் ஊரில், சுவரே போனவர்களின் வீட்டை வரைய வைப்பதுதான் ஓவியரின் வேலை என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். இந்த முடிவைப் பற்றி, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு முஸ்லிம் என்ற வகையில் எனக்குச் சொல்ல இருப்பவற்றை இங்கு எழுதுகிறேன். கலை விமர்சகருக்குரிய பயிற்சி எனக்கு இல்லை. புத்தகம் வாசிப்பவன் என்ற தகுதி மட்டுமே உண்டு.

முதலில் 2004. போர்நிறுத்த காலம். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் திருத்திக் கட்டப்பட்டு மீண்டும் வெள்ளையாக நின்றது. கொழும்பைச் சேர்ந்த 'தீர்த்த' கலைஞர் அமைப்பு அந்த நூலகத்தில் 'அகம் – புறம்' என்ற கண்காட்சியை நடத்தியது. அதில் சனாதனன் 'வரலாறுகளின் வரலாறு' என்ற பொருள் கொண்ட ஆங்கிலத் தலைப்பில் ஒரு நிர்மாணத்தை வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்களின் சொந்தப் பொருட்களைக் கேட்டுச் சேகரித்துக் காட்சிப்படுத்தியது அது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் சாம்பலான கட்டடத்தில், எழுதப்படாத சரித்திரங்களைப் பொருட்களாகக் கொண்டு வந்து வைப்பது என்ற எண்ணமே வலிமையானது. அரசர்களின் வாளுக்கும் நாணயத்துக்கும் கண்ணாடிப் பெட்டி உண்டென்றால், வீட்டில் எஞ்சிய ஒரு பொருளுக்கும் உண்டு என்பதே அதன் வாதம்.

அதே ஆண்டில் நான் யாழ்ப்பாணம் போனேன். கண்காட்சியைப் பார்க்க அல்ல. ஏ-9 வீதி 2002இல் திறந்த பிறகு, புத்தளத்திலிருந்து எங்கள் ஆட்கள் வான் பிடித்துச் சோனகத் தெருவைப் பார்க்கப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நானும் ஒரு நானாவோடு போனேன். எங்கள் வீட்டில் கூரை இல்லை, நிலை இல்லை, கதவு இல்லை. தரையில் பதித்திருந்த சீமெந்தின் சிவப்புச் சாயம் மட்டும் புல்லுக்கிடையில் தெரிந்தது. திரும்பும்போது நூலகத்தைக் கடந்துதான் வந்தோம். "உள்ளே போய்ப் பார்ப்போமா?" என்று நானா கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. அந்த நூலகத்தில் இப்படியொரு நிர்மாணம் வைக்கப்பட்டதைப் பல வருடங்கள் கழித்துத்தான் வாசித்து அறிந்தேன்.

அறிந்தபோது எனக்குள் எழுந்த முதல் கேள்வி, 'என்னிடம் வந்து கேட்டிருந்தால் நான் எதைக் கொடுத்திருப்பேன்?' என்பதுதான். பதில் மிக எளிது. ஒன்றுமில்லை.

1990 ஒக்டோபர் 30. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, எல்லோரையும் ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியால அவகாசம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொண்டு போகக் கூடாது. வெளியேறும் வழியில் ஐந்துசந்தியில் சோதனை. நகைகளும் பணமும் மட்டுமல்ல, காணி உறுதிகளும் பலரிடமிருந்து போயின. எனக்கு அப்போது பதினேழு வயது. வாப்பா தையல்காரர், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்துவிட்டார். அந்த நாடா மதவாச்சியிலோ அனுராதபுரத்திலோ எங்கோ தவறிவிட்டது. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோரின் நிலை இதுதான்.

ஆகவே பொருட்களால் ஆன சரித்திரம் என்பது, பொருளை வைத்திருக்க முடிந்தவனின் சரித்திரம். இதை ஒரு குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. 2004இல் யாழ்ப்பாணத்து வீடுகளில் பொருள் கேட்டு ஒரு ஓவியர் படியேறினால், எங்கள் தெருவில் அவர் ஏறுவதற்குப் படி இருந்திருக்காது. சனாதனனின் பிற்காலப் படைப்பான 'எதிர்ப்பின் அலுமாரி'க்கும் இது பொருந்தும். நூலகங்களில் முன்பு இருந்த அட்டவணை அட்டைப் பெட்டியின் வடிவில், போர்க்காலத்தில் மக்கள் எப்படியெல்லாம் சமாளித்து வாழ்ந்தார்கள் என்ற கதைகளை அட்டை அட்டையாக அடுக்கியது அது. 2016ஆம் ஆண்டின் கொச்சி பினாலேயில் வைக்கப்பட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறையின் கெட்டித்தனத்துக்கு அப்படியொரு பெட்டி தேவைதான். ஆனால் அந்த ஆண்டுகளில் நாங்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் கிடுகுக் கொட்டில்களில் தண்ணீர் பவுசருக்காக வரிசையில் நின்றோம். யாழ்ப்பாணத்தின் போர்க்கால நினைவில் நாங்கள் இல்லாமல் போனதற்குக் காரணம் யாரும் மறந்தது மட்டுமல்ல, நினைவுகள் உருவான நாட்களில் நாங்கள் அங்கு இல்லை. இந்த எளிய உண்மையை நமது எழுத்தாளர்களும் போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். 'எங்களைச் சேர்க்கவில்லை' என்று ஒவ்வொரு தொகுப்புக்கும் முறைப்பாடு எழுதுகிறோம். எந்த வடிவம் நம்மைச் சேர்க்கக்கூடியது, எது சேர்க்க முடியாதது என்று கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்குச் சனாதனனின் இன்னொரு படைப்பில் விடை இருக்கிறது. 2011இல் ஷர்மினி பெரேராவின் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில நூல். தமிழில் சொன்னால் 'முற்றுப்பெறாத தோம்பு'.

தோம்பு என்ற சொல்லை இன்று வழக்கில் பாவிப்பவர்கள் குறைவு. போர்த்துக்கீசர் கொண்டு வந்த சொல். ஒல்லாந்தர் அதைப் பெருக்கினார்கள். யாருடைய காணி, எவ்வளவு பரப்பு, எத்தனை மரம், என்ன வரி என்று எழுதி வைக்கும் பதிவேடு. ஆட்சி செய்பவன் நிலத்தைப் பார்க்கும் பார்வை அது. ஒல்லாந்தர் காலத்தில் சோனகரும் செட்டிகளும் 'ஊழியம்' என்ற கட்டாய வேலைக்கு, அல்லது அதற்கீடான பணத்துக்குக் கடமைப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், பதிவேட்டில் பெயர் வருவது எல்லாக் காலத்திலும் கௌரவமல்ல என்பது விளங்கும்.

சனாதனன் இந்த அதிகாரச் சொல்லை எடுத்து மறுபக்கம் புரட்டிவிடுகிறார். வடக்கு கிழக்கில் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் எண்பது பேரிடம், நீங்கள் இழந்த வீட்டின் தள வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் வரைந்தார்கள். அந்தக் கைவரைபு ஒன்று. அதைக் கட்டடக்கலைஞரின் முறைப்படி அளவுக்கோட்டில் திருப்பி வரைந்த படம் ஒன்று. ஓவியரே உலர் வண்ணக்கட்டியால் தீட்டிய சித்திரம் ஒன்று. இவற்றோடு அவர்கள் சொன்ன கதை. இப்படி எண்பது வீடுகள். கந்தோர் கோப்பு ஒன்றைப் போலவே நூல் கட்டப்பட்டிருக்கிறது. கச்சேரியில் காணிப் பிரச்சினைக்கு அலைந்த எவருக்கும் அதைக் கையில் எடுத்ததும் ஒரு சின்ன நடுக்கம் வரும். எனக்கு வந்தது.

கொழும்பில் ஒரு நண்பரின் வீட்டில், இரண்டு பிற்பகல்கள் இருந்து அதைப் பார்த்தேன். முதல் நாள் நான் செய்த வேலையை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பது பேரில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். சில பக்கங்களிலேயே வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன். தோம்புக்காரன் செய்த வேலையைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். தலைகளை எண்ணும் கண்ணுக்கு வீடு தெரியாது.

மறுநாள் கைவரைபுகளை மட்டும் பார்த்தேன். இந்த நூலின் உயிர் அங்குதான் இருக்கிறது என்பது என் கருத்து. வரையத் தெரியாதவர்களின் கோடு. நேராகப் போக முயன்று வளைந்த கோடு. நினைவிலிருந்து வரையும்போது வீடு தன் அளவுக்குள் நிற்பதில்லை. பிடித்த இடம் பெருத்துவிடும். பயந்த இடம் சிறுத்துவிடும். அடுத்து வரும் கட்டடக்கலைஞரின் படமோ அதே வீட்டைச் சமப்படுத்தி, சுவருக்குச் சுவர் பொருந்த வைத்து, உத்தியோக மொழியில் பேசுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நாம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆவணம் என்றால் என்ன என்ற கேள்வியைப் பெரிய கட்டுரை எதுவும் எழுதாமல் இந்தப் பக்க அடுக்கே கேட்டுவிடுகிறது. ஓவியரின் வண்ணச் சித்திரங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும், மூன்றில் அவை கடைசியாகவே என்னிடம் வந்தன. கைவரைபின் பக்கத்தில் தேர்ந்த கை ஒன்று பேசும்போது அது சற்று அதிகமாகப் பேசுவதுபோல் இருக்கிறது. இது என் குறையாகவும் இருக்கலாம்.

வேறொரு விடயம், நமக்குள் மட்டும் பேச வேண்டியது. ஓவியம் என்றதும் உயிருருவம் பற்றிய தயக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. என் வாப்பா சுவரில் கஃபாவின் படத்தைத் தவிர எதையும் மாட்ட விட்டதில்லை. ஒஸ்மானியாவில் சித்திர பாடத்துக்கு நான் கிளி வரைந்து கொண்டு வந்தபோது, புள்ளிகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்தார். நவீன ஓவியத்தோடு நம் இலக்கிய வட்டத்தின் உறவு மெலிந்திருப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம். தள வரைபடம் அந்தத் தயக்கத்தைத் தொடாமலேயே கடந்து போகிறது. அதில் ஆள் இல்லை, முகம் இல்லை, உயிர் இல்லை. ஆனால் கிணற்றடியை ஒருவர் எங்கே போட்டார் என்பதிலேயே அவர் வீட்டில் யார் தண்ணீர் அள்ளினார்கள் என்பது வந்துவிடுகிறது. வாப்பாவிடம் இப்படியொரு தாளைக் கொடுத்திருந்தால் கழுத்து நாடாவை எடுத்து அளந்தே வரைந்திருப்பார்.

பொருள் எதுவும் மிஞ்சாதவனைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய வடிவம் இதுதான். இதற்குத் தேவை ஒரு தாள், ஒரு பென்சில், மறக்காத மனம். ஐந்துசந்தியில் சோதித்தவர்களால் எடுக்க முடியாமல் போனது அது ஒன்றுதான். ஆகவே புத்தளத்துக்குத் திரும்பியதும் வீட்டில் முயன்று பார்த்தேன். உம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ராத்தா என்னைவிட ஏழு வயது மூத்தவர். மூவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், சோனகத் தெரு வீட்டை வரைந்தோம்.

நான் வீதியிலிருந்து தொடங்கினேன். முன் விறாந்தை, வாப்பாவின் மிஷின் இருந்த இடம், வெளியே படி, படிக்கு எதிரே தெரு விளக்கு. வீட்டின் உட்பகுதிக்கு வந்தபோது எனக்குத் தாளில் இடம் முடிந்துவிட்டது. ராத்தா வரைந்தது ஒரே ஒரு அறை. அதன் ஜன்னல் மட்டும் அறையளவு பெரிது. கலியாணம் ஆகும்வரை அவர் வெளியைப் பார்த்தது அந்த ஜன்னலால்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உம்மா பின்பக்கத்திலிருந்து தொடங்கினார். குசினி, கிணறு, பின்மதில். பின்மதிலில் ஒரு சிறிய கதவு. அந்தக் கதவால் பென்சில் வெளியே போய்விட்டது. பக்கத்து வீட்டு முற்றம், அந்த வீட்டாரின் அம்மி, அதற்கும் பின்னால் இன்னொரு கதவு, அங்கே மாவிடிக்கும் ஒரு மூத்தம்மாவின் வீடு, இப்படி நான்கு வீடுகள் தாண்டிப் பள்ளிவாசலின் பின்சுவரில் வந்து நின்றது. வீதியே இல்லை. பெண்கள் வீதியால் போகாமல் மதிலுக்கு மதில் கதவு வழியாகத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருவார்கள் என்பதைச் சிறுவனாக இருந்தபோது நான் கண்டதுதான். கதவு உம்மாவின் தாளில் வந்த பிறகே அது ஒரு பாதை என்பது எனக்குத் தெரிந்தது.

"உங்கட வீட்டைத்தான் கீறச் சொன்னேன் உம்மா" என்றேன்.

"இதுதானே வீடு" என்றார்.

இந்த நூலைப் பற்றிய என் முக்கியமான ஆட்சேபம் உம்மாவின் அந்தத் தாளிலிருந்து வருகிறது. தோம்பு என்பது காணி காணியாகப் பதிவது. உறுதியின் மொழியும் அதுதான்: கிழக்கே இன்னாருடைய வளவு, வடக்கே வீதி, பரப்பு இத்தனை, குழி இத்தனை. சனாதனன் பதிவேட்டின் அதிகாரத்தை மாற்றிவிட்டார், அலகை மாற்றவில்லை. ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு கதை என்பதே அவரது அலகும். யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்கு அது பெரிதும் பொருந்துகிறது. வேலியும் வளவும் படலையும் கொண்ட வீடு அது. வேலிக்குள்ளே ஒரு முழு உலகம் அடங்கும். சோனகத் தெருவில் வேலி இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பாங்கு சொன்னால் எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். 1990இல் வெளியேற்றப்பட்டதும் வீடு வீடாக அல்ல. ஒரு தெருவாகவே ஒரே பிற்பகலில் எழுப்பப்பட்டோம். எண்பது வீட்டுத் தோம்பில் தெருவுக்குப் பதிவில்லை. தலைப்பிலேயே 'முற்றுப்பெறாத' என்று ஓவியர் போட்டிருக்கிறாரே என்று என்னிடம் ஒரு நண்பர் சொன்னார். அது நேர்மையான சொல்தான். ஆனாலும் இன்னும் எண்பது வீடுகளைச் சேர்த்தால் நிரம்பக்கூடிய குறை அல்ல நான் சொல்வது.

இதைச் சொல்வதால் அவர் காட்டிய முறையை நான் தள்ளிவிடவில்லை. அந்த முறை இல்லாவிட்டால் பின்மதில் கதவு என்னிடம் வந்திருக்காது. ஒரு கலைப்படைப்பைப் பின்பற்றிச் சாதாரண ஒருவர் தன் வீட்டில் செய்து பார்க்க முடிகிறது, செய்து பார்த்தவுடன் அந்தப் படைப்பின் எல்லையும் தெரிகிறது. நான் அறிந்த ஈழத்துக் கலை முயற்சிகளில் இப்படிப்பட்டவை மிகச் சில.

ஒரு தேதியையும் இங்கே சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர் 30. வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததும் ஒக்டோபர் 30தான், 1995இல். சரியாக ஐந்து வருடம். நம்மில் சிலர் இதைத் தண்டனை என்று பேசியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை. மழையில் பாலத்தில் நெரிபட்ட ஒரு தாய்க்கு எங்கள் உம்மாவின் கணக்கை எப்படிக் காட்டுவது? அதேவேளை, இரண்டையும் 'இடம்பெயர்வு' என்ற ஒரே சொல்லுக்குள் போடும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. குண்டுக்குப் பயந்து ஓடுவதும் அடுத்த தெருக்காரன் பார்த்திருக்க வெளியேற்றப்படுவதும் ஒன்றல்ல. வரைபடத்தின் மொழியில் இந்த வேறுபாட்டுக்குக் குறியீடு கிடையாது. உடைந்த வீடும் பறித்த வீடும் தாளில் ஒரே கோடாகத்தான் விழும். கதைப் பகுதியிடம்தான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கதைப் பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. இது எனது இரண்டாவது ஆட்சேபம், சற்றுக் கோபத்தோடு சொல்வது. தமிழ் பேசும் மக்கள் தமிழில் சொன்னதை, சொன்னவரின் மகளுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலை நூல்களின் சந்தை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். இந்த ஓவியரின் வேலை 2010இல் வன்கூவரின் மானிடவியல் அருங்காட்சியகம் வரை போயிருக்கிறது. அங்கே புலம்பெயர்ந்த தமிழரின் பொருட்களைக் கொண்டு வீடு பற்றிய ஒரு படைப்பை அவர் செய்தார். உலகம் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் ராத்தாவுக்கு அந்த நூலில் எதையும் வாசிக்க முடியவில்லை. கைவரைபுகளை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

நிலத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் நம்மவர்களுக்குக் கலையோடு முடிவதில்லை. மீளக் குடியேறப் போனவர்களிடம் உறுதி கேட்டார்கள். உறுதி ஐந்துசந்தியில் போய்விட்டது. பத்து வருடத்துக்கு மேல் இன்னொருவர் ஆண்ட காணிக்கு ஆட்சியுரிமை கோரலாம் என்ற சட்டம், ஊருக்கு வரவே முடியாதிருந்தவனுக்கும் அப்படியே பொருந்தியது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தில்தான் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிக்கொள்ள வழி பிறந்தது. அதற்கும் இரண்டு வருட அவகாசம்தான். அதற்குள் எத்தனை பேர் நொத்தாரிசையும் நீதிமன்றத்தையும் தேடிப் போயிருப்பார்கள்? அந்த அலைச்சலின் நடுவில், நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படத்தை எந்தக் கந்தோரும் ஏற்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட படங்களையே கந்தோர்க் கோப்பாகக் கட்டி ஒரு ஓவியர் மேசையில் வைத்ததன் கிண்டல், அலைந்தவர்களுக்குத்தான் முழுதாக விளங்கும். அந்தக் கிண்டலுக்காகவும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஒரு சிறு யோசனை இருக்கிறது. சனாதனனும் இணைந்து உருவாக்கிய சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்பு ஆவணக் காப்பகம் யாழ்ப்பாணத்திலேயே இயங்க ஆரம்பித்தது. கொழும்பிலும் 2019 முதல் நவீன, சமகாலக் கலைக்கென ஒரு அருங்காட்சியகம் செயற்படத் தொடங்கியது. அவர்கள் வந்து கேட்கும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? 1990ஐ நினைவில் வைத்திருக்கும் உம்மாமார் இன்னும் எத்தனை வருடம் இருப்பார்கள்? இவ்விதழின் வாசகர்களில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, கிளிநொச்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுங்கள். வீட்டை என்று சொல்லாமல் தெருவை வரையச் சொல்லுங்கள். அளவுகோல் கொடுக்க வேண்டாம். எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதை மட்டும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்பினால் சேர்த்து வைக்க நான் தயார்.

உம்மாவின் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மூலத்தை அவர் திருப்பி வாங்கிக்கொண்டார். மூத்தம்மா வீட்டுக்கு அப்பால் இன்னும் இரண்டு கதவு இருக்கிறதாம்.